மாமனார் தராத விளக்குகள்

"அதைத் தொடாத" என்று சோணைமுத்து சொல்லி முடிப்பதற்குள் நாகஜோதி மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்திருந்தாள்.

"நான் ஆய்ஞ்ச வத்தல நான் தொடக் கூடாதா?"

"கமிஷன் கடையில ரெண்டு மூட்டையத் திருப்பிட்டாங்கன்னு சொன்னேன்ல. விடு. நாளைக்குப் பாப்போம்."

"என்ன குறை கண்டு திருப்புனான்னு எனக்குத் தெரியணும். காம்பு காம்பாப் பாத்துப் பொறுக்குனது நானு."

"ஈரம் இருக்காம்."

"பங்குனி வெயில்ல காஞ்சதுல ஈரமா? அந்தக் கடைக்காரன் வாயிலதேன் ஈரம் இருக்கும்."

அவள் முழங்கை வரை கையை விட்டாள். குண்டு மிளகாய் நாலாபுறமும் உருண்டது. இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். தும்மல் அடங்கியபோது அவள் கை நின்றிருந்தது.

"உள்ள என்னமோ கொம்பு தட்டுப்படுது."

"காம்பா இருக்கும்."

"காம்புக்கு எதுக்குங்க காது?"

இழுத்தாள். முதலில் ஒரு கிடாத் தலை வந்தது. தங்க நிறம், சுருண்ட கொம்பு, பாதி மூடிய கண். அதன் பின்னால் மயில் கழுத்து நீலத்தில் ஒரு பீங்கான் உடம்பு. மறுபக்கம் இன்னொரு கிடாத் தலை. அடியில் சிங்கத்தின் பாதம் போல நாலு கால். நீலத்துக்கு நடுவே முட்டை வடிவில் ஒரு படம்: குடை பிடித்த வெள்ளைக்காரி, அவள் காலடியில் உட்கார்ந்து குழல் ஊதுகிற ஒருவன், பக்கத்தில் கழுத்தில் ரிப்பன் கட்டிய ஆட்டுக்குட்டி. உச்சியில் பல்பு மாட்டுகிற இடம். கீழே வால் போல ஒயர்.

நாகஜோதி அடுத்த மூட்டையையும் அவிழ்த்தாள். அதே போல் இன்னொன்று.

"மொத்தம் நாலு கிடா," என்றாள். "பெட்டையா இருந்தாலும் குட்டி போடும்."

குரல் அமைதியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சோணைமுத்து பயந்து வந்தது அவளுடைய சத்தத்துக்கு அல்ல, இந்த அமைதிக்குத்தான்.

விஷயம் இதுதான். காலையில் ஆர்.எஸ்.மங்கலம் சந்தையில் வத்தலை விற்றாயிற்று. கடையில் ஒரு மூட்டையையும் திருப்பவில்லை; இந்த இரண்டையும் அவனேதான் விற்காமல் நிறுத்திக்கொண்டான். அந்தக் காசு களத்துக்கு என்று நாகஜோதி எப்போதோ முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டு பூசிய ஒரு களம். இத்தனை வருடமாக வத்தலைத் தார் ரோட்டோரம்தான் காயப்போடுகிறாள். போன வருடம் திருவாடானை பஸ் ஒன்று நேராக அதன் மேல் ஏறிப் போனது. டிரைவர் கண்ணீரோடு இறங்கி வந்தான். வருத்தத்தினால் அல்ல, நெடியினால். அன்றிலிருந்து அவளுக்குக் களம் என்பது சாமி மாதிரி. பரமக்குடியில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிற சகலை சேதுபதியிடம் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

சேதுபதி நாகஜோதியின் அக்கா கோகிலாவின் புருஷன். புது வீட்டுக் கூடத்தில் சரவிளக்கு தொங்கவிட்டிருக்கிறான். பொங்கலுக்குப் போனபோது சுவிட்சைப் போட்டுவிட்டு, "நல்லா நிமிந்து பாருங்க சகல, கழுத்து வலிச்சா வலிக்கட்டும்" என்றான். சோணைமுத்துவுக்குக் கழுத்து வலிக்கவில்லை. வேறெங்கோ வலித்தது. நிமிர்ந்து பார்க்கிற விளக்கு அவன் வீட்டில் இருக்கட்டும், அவனைக் குனிந்து பார்க்க வைக்கிற விளக்கு நம் வீட்டில் இருக்கவேண்டும் என்று அன்றைக்கே உறுதி எடுத்தான். ஆகவே காசு மடியில் ஏறியதும் பரமக்குடி பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பக்கமாகக் கீழக்கரைக்குப் போனான்.

கீழக்கரையில் ஹமீது சுல்தான் பழைய சாமான் கடை வைத்திருந்தார். "பிரான்ஸ் நாட்டுப் பீங்கான் தம்பி. வெண்கலத்துல தங்க முலாம். எங்க வாப்பா காலத்துல கொழும்புக் கப்பல்ல வந்தது. அப்ப இதுல மண்ணெண்ணெய் ஊத்தி எரிச்சாங்க, பிறகுதான் கரண்டு வச்சாங்க. ஜோடியப் பிரிக்காதீங்க. இன்னொண்ணு, நம்ம வீட்டுப் பொம்பளைங்க விளக்கைக் கண்டா புளியை எடுத்துருவாங்க. புளி பட்டுச்சுன்னா முலாம் போயிரும். அல்லாவுக்காகப் புளி மட்டும் போட்றாதீங்க."

சோணைமுத்து சத்தியம் செய்து கொடுத்தான். பொண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டால் சித்திரைக்குள் ஒரு வழி பிறக்காமலா போகும்?

இப்போது பரணுக்குக் கீழே நின்றுகொண்டு வழியைத் தேடினான்.

"களத்துக் காசு எங்க?" என்றாள் நாகஜோதி.

"சகலை கடையில குடுத்துட்டேன். சிமெண்டு வரும்."

"அப்ப இது?"

"இதா? இது..." அவன் கிடாவைப் பார்த்தான். கிடா பாதிக் கண்ணால் அவனைப் பார்த்தது. "இது உங்கய்யா குடுத்தது."

"எங்கய்யாவா?"

"பரமக்குடி போனவன் அப்படியே மாமாவப் பாத்துட்டு வந்தேன். பொண்ணுக்குச் சீர் பாக்கி நிக்குது மாப்ளன்னு கண் கலங்கிட்டாரு. பீரோக்குப் பதிலா இத எடுத்துக் குடுத்தாரு."

நாகஜோதி சுவரைப் பார்த்தாள். சுவரில் ஆணி, ஆணியில் ஒரு சாவி. கல்யாணத்தன்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த பீரோச் சாவி. பீரோ அடுத்த வாரம் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை. நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருக்கும் சோணைமுத்துவின் அக்கா சண்முகவள்ளி வரும்போதெல்லாம் அந்தச் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

"எங்கய்யா குடுத்ததுன்னா எதுக்கு வத்தலுக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தீங்க?"

"ஒளிக்கலை. உடையாம இருக்க. அதோட உனக்கு ஒரு சந்தோசம் குடுப்பமேன்னு."

"தும்மிக்கிட்டே சந்தோசப்படுறேன். இருங்க, கையக் கழுவிட்டு எங்கய்யாவுக்கு ஒரு போன் போடுறேன்."

அவள் பின்கட்டுக்குப் போனதும் சோணைமுத்து கைபேசியோடு வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஓடினான். மாமனார் முத்தழகு முதல் மணியிலேயே எடுத்தார்.

"மாமா, ஒரு உதவி."

"சொல்லுங்க மாப்ள. பீரோன்னா அடுத்த மாசம்."

"பீரோ இல்ல. நீங்க நாகுவுக்கு ரெண்டு விளக்கு குடுத்திருக்கீங்க."

"எப்ப?"

"இன்னைக்கு."

"இன்னைக்கு முதுகு வலி மாப்ள. நான் கட்டில விட்டே எந்திரிக்கலையே."

"படுத்துக்கிட்டே குடுத்திருக்கீங்க. பீரோக்குப் பதிலா. இனிமே எங்க வீட்டுல எவரும் பீரோன்ற வார்த்தையே பேச மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"யோசிச்சுச் சொல்றேன். ஒரு வெத்தல போடுற நேரம் குடுங்க."

சோணைமுத்து படப்பின் பின்னாலேயே நின்றான். வீட்டுக்குள் நாகஜோதியின் கைபேசி அடித்தது. அவள் மெல்லிய குரலில் என்னவோ பேசினாள்.

"யாரு போன்ல?" என்று இங்கிருந்தே கேட்டான்.

"கியாஸ்காரங்க. சிலிண்டர் நாளைக்கு வருதாம். நீங்க அங்கன என்ன பண்றீங்க?"

"மாட்டுக்கு வைக்கோல் புடுங்குறேன்."

கொஞ்ச நேரத்தில் மாமனார் கூப்பிட்டார். குரலில் ஒரு புதுத் தெளிவு. "சரி மாப்ள. நாந்தேன் குடுத்தேன். ஆனா ஒண்ணு. இத்தன வருசமா உங்கக்கா அந்தச் சாவியத் தொட்டுத் தொட்டு எம்மானம் போச்சு. அவுக முன்னால நீங்க உங்க வாயால சொல்லணும். இது மாமனார் எம் பொண்டாட்டிக்குக் குடுத்த சீருன்னு."

"அதுக்கென்ன மாமா. சொல்லிட்டாப் போச்சு."

சொல்லிவிட்டான். மறுநாளே கூட்டமும் கூடிவிட்டது. நாகஜோதி தெருவுக்கே சர்க்கரை கொடுத்து அழைத்திருந்தாள். சண்முகவள்ளி முதல் ஆளாக வந்து, பழக்கத்தில் சாவிக்குக் கையை நீட்டினாள். ஆணி மட்டும் இருந்தது.

"சாவிய எங்கடி?"

"பூட்டே இல்லாததுக்குச் சாவி எதுக்கு மதினி? எடுத்து உள்ள வச்சுட்டேன். உங்க தம்பி என்னமோ சொல்லணுமாம், கேளுங்க."

சோணைமுத்து தொண்டையைச் செருமினான். "இந்த ரெண்டு விளக்கும் எம் மாமனார் நாகுவுக்குக் குடுத்த சீர்."

"அவளுக்கா, நம்ம வீட்டுக்கா?" என்றாள் சண்முகவள்ளி.

"அவளுக்குத்தேன்."

"ஏலே, நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்ப இது அவ பொருளா?"

"அவ பொருள்தேன்க்கா."

பெண்கள் குலவையிட்டார்கள். அந்தப் பக்கத்தில் 'அவ பொருள்' என்பது சாதாரண வார்த்தை அல்ல. பிறந்த வீட்டுச் சீர் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அந்தப் பொருளில் புருஷனுக்குப் பாத்தியதை கிடையாது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. இருக்கிற இடத்தை விட்டு நகர்த்துவதென்றாலும் அவளைக் கேட்க வேண்டும். சோணைமுத்துவுக்கும் இது தெரியும். ஆனால் விளக்கு வீட்டுக்குள் இருக்கிறது, வீடு தன்னுடையது என்ற கணக்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

சண்முகவள்ளி படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "இந்தப் பொம்பள என்னடி இம்புட்டு இறக்கமா ஜாக்கெட் போட்டிருக்கா?"

"வெள்ளைக்காரச் சீமைப் பொம்பள மதினி."

"அங்கயும் வெயிலா? பாவம், அதுக்குத்தேன் குடை போல." பிறகு கிடாத் தலையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "மங்கிக் கெடக்கே. நாகு, கொஞ்சம் புளி கொண்டா. ஒரு தேய் தேச்சா பளிச்சுன்னு ஆயிரும்."

நாகஜோதி புளி ஜாடியோடு வந்தாள். சோணைமுத்து இரண்டு விளக்குக்கும் நடுவில் பாய்ந்து கையை விரித்தான்.

"புளி கூடாது. புளி பட்டா முலாம் போயிரும்னு ஹமீ..." நிறுத்தினான். "மாமா சொன்னாரு."

"எங்கய்யாவா?" என்றாள் நாகஜோதி. "எங்கய்யாவுக்கு மாட்டு வைத்தியம் தெரியும். முலாமெல்லாம் எப்பத் தெரிஞ்சுது?"

"வயசாக ஆகத் தெரிஞ்சுக்கிர்றதுதேன்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜாடியை மூடினாள். "எங்கய்யா சொன்னா சரியாத்தேன் இருக்கும்."

டி.வி.க்கு இருபுறமும் விளக்குகள் நின்றன. பட்டுத் துணியில் குடை மாட்டி, மஞ்சள் பல்பு போட்டபோது நீலம் ஆழமாகி, கிடாக்களின் கொம்பில் வெளிச்சம் வழிந்தது. அழகு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல சோணைமுத்துவுக்குத் தெரியாது. அதனால் ஒன்றும் சொல்லாமல் வேட்டித் தலைப்பால் தூசி துடைத்தான். பழைய ஒயரில் எங்கோ கசிவு. கிடாவைத் தொட்டதும் கை தோள் வரை உதறியது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கொசு."

"எங்கய்யா சீரு ஆளறிஞ்சு கடிக்குது," என்றாள் நாகஜோதி.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தான், கோகிலாவோடு. சோணைமுத்து பகலிலேயே சன்னலைச் சாத்தி இரண்டு விளக்கையும் எரியவிட்டிருந்தான். சேதுபதி உள்ளே வந்தான். நின்றான். குனிந்தான். குனிந்தே விட்டான். முட்டியில் கையை ஊன்றி வெள்ளைக்காரியையும் குழல்காரனையும் ஆட்டுக்குட்டியையும் தனித்தனியாகப் பார்த்தான். சோணைமுத்துவின் வாழ்க்கையில் அப்படி ஒரு பத்து நிமிடம் அதற்கு முன் வந்ததில்லை.

"நல்லாப் பாருங்க சகல," என்றான். "இடுப்பு வலிச்சா வலிக்கட்டும்."

"எங்க வாங்குனீங்க?"

கீழக்கரை, ஹமீது சுல்தான், பிரான்ஸ், கொழும்புக் கப்பல் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. பேரம் பேசிய அழகைச் சொல்ல வாய் துடித்தது. நாகஜோதி காப்பித் தட்டோடு பக்கத்தில் நின்றாள்.

"மாமா குடுத்தாரு," என்றான்.

"எனக்குத் தரலையே," என்றான் சேதுபதி.

"மூத்தவ நான் இருக்க இளையவளுக்கா?" என்றாள் கோகிலா. ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. தங்கையைப் பார்த்தாள். தங்கை டம்ளரைப் பார்த்தாள்.

"மச்சான்," என்றாள் நாகஜோதி, "இவுக உங்க கடையில சிமெண்டுக்குக் காசு குடுத்தாகளாமே. எப்ப அனுப்புறீங்க?"

சோணைமுத்து காப்பியைக் கீழே வைத்தான். இதை மறந்தே போயிருந்தான். சேதுபதி அவனைப் பார்த்தான். பிறகு விளக்கைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழம அனுப்புறேன்," என்றான். "சிமெண்டு, மணல், சல்லி, கொத்தனார் எல்லாம். அதேன் குடுத்துட்டாரே."

சோணைமுத்து நம்பமுடியாமல் சகலையைப் பார்த்தான். ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக்கொடுக்கவில்லை. என்ன மனுஷன். இவனையா சரவிளக்குக்காக வெறுத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டான். வாசல் வரை போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த உதவிய மறக்க மாட்டேன் சகல."

"நானுந்தேன் சகல," என்றான் சேதுபதி.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. சிமெண்டு இறங்கியது, மணல் இறங்கியது, முத்துகிருஷ்ணன் என்ற கொத்தனார் மட்டப்பலகையோடு இறங்கினார். நாகஜோதி கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, சும்மா நிக்கிற நேரத்துல இத ஒரு கை பிடிங்க."

விளக்குகள் பழைய சாக்குகளில் இருந்தன. கழுத்து வரை வத்தல்.

"எங்க கொண்டு போற?"

"அக்காவுக்கு. வண்டி வெறுமனதான திரும்பும்."

"எதுக்கு?"

"மூத்தவளுக்கு இல்லாம இளையவளுக்குக் குடுத்தாருன்னு எங்கய்யாவுக்குக் கெட்ட பேரு வரலாமா?"

"சரி, ஒண்ணக் குடு. ரெண்டையுமா?"

"ஜோடியப் பிரிக்கலாமாங்க?"

அவன் வாயைத் திறந்தான். இது நான் வாங்கியது என்று சொல்ல வேண்டும். சொன்னால் எந்தக் காசில் என்று கேட்பாள். களத்துக் காசில் என்றால், அப்ப இந்தச் சிமெண்டு யார் காசு என்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் சண்முகவள்ளி நின்றுகொண்டிருந்தாள். "அவ பொருளுடா தம்பி," என்றாள். "நீதானடா சொன்ன. பாத்துத் தூக்கு, உடச்சிராத."

தூக்கினான். வண்டிக்காரன் ஒரு தும்மல் போட்டான்.

களம் நன்றாக வந்திருந்தது. தண்ணீர் நிற்காத வாட்டம், ஓரத்தில் விரலளவு வரம்பு. கடைசிப் பறிப்பு வத்தலை இருவரும் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் திருவாடானை பஸ் போனது. டிரைவர் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டான்.

"கேக்கணும்னு நெனச்சேன்," என்றான் சோணைமுத்து. "சகலை எதுக்குக் காசு வாங்குனதா ஒத்துக்கிட்டாரு?"

"நாந்தேன் ஒத்துக்கச் சொன்னேன். அன்னைக்கே அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நீங்க அந்தப் பக்கமே வரலைன்னு சொன்னா. ரெண்டு விளக்கு இருக்கு, ஒரு களம் வேணும்னேன். மச்சானுக்கு ஆசை வந்துருச்சு."

அவன் குனிந்து ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டான். "அப்ப உங்கய்யா..."

"கியாஸ்காரங்கன்னு ஒரு போன் வந்துச்சே."

"ஆமா."

"எங்கய்யாதேன். மாப்ள என்னமோ உளர்றாரு, என்ன சொல்லட்டும்னாரு. சரின்னு சொல்லுங்கன்னேன். மதினி முன்னால சொல்லச் சொல்லுங்கன்னேன்."

சோணைமுத்து களத்தில் உட்கார்ந்தான். சிமெண்டு சுட்டது. எழுந்துகொண்டான்.

"உனக்கே இது நல்லாருக்கா?"

"நான் என்ன பண்ணேன்? சீரு எங்கய்யா குடுத்தாருன்னீங்க. சிமெண்டுக்குக் காசு குடுத்தாச்சுன்னீங்க. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைய நான் மாத்தலையே. அந்த ஓரம் குமிஞ்சு கெடக்கு, தள்ளி விடுங்க."

தள்ளி விட்டான்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் பரமக்குடிக்குப் போனார்கள். சகலை வீட்டுக் கூடத்தில் சரவிளக்கைக் காணோம். அதன் கொக்கி மட்டும் இருந்தது. கீழே, சோபாவின் இருபுறமும், விளக்குகள் நின்றன. மாமனார் முத்தழகு முதுகு வலியையும் மீறி வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் கேக்குறாக மாப்ள," என்றார். "எப்படி இப்படி ஒரு சீர் குடுக்கத் தோணுச்சுன்னு. எனக்கே இப்ப நெனச்சா பெருமையா இருக்கு."

"உங்க மனசுக்கு மாமா," என்றான் சோணைமுத்து.

"இலை போட்டாச்சு, வாங்க," என்று உள்ளேயிருந்து கோகிலா கூப்பிட்டாள். "அழுக்கா இருக்கு, சாப்பிட்டுட்டு அதுகளக் கொஞ்சம் தேய்க்கணும். யாரும் தட்டி விட்றாதீங்க."

வலது பக்கத்து விளக்கின் காலடியில் ஒரு கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் ஊறவைத்த புளி, அதன் மேல் தேங்காய் நார்.

மாமனாரைக் கைத்தாங்கலாகச் சேதுபதி கூட்டிக்கொண்டு போனான். நாகஜோதி தண்ணீர்ச் செம்போடு பின்னால் போனாள். உள்ளே கறிக்குழம்பு வாசனை, இலையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

"என்னங்க, வரலையா?" என்றாள் நாகஜோதி.

"கையக் கழுவிட்டு வாரேன்."

சோணைமுத்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனான். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் புளித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றினான். சக்கையையும் நாரையும் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தான். கிண்ணத்தை வேட்டித் தலைப்பால் துடைத்து இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பிடப் போனான்.